ஆறு நாள் இரவல் மூச்சு

(நம் கல்லூரிப் பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில், இயந்திரவியல் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



"உங்க தொழில் அனுபவத்தைப் பத்தி ஒரு அரை மணி பேசுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். பதினோரு வருஷமாக வால்வு தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். ஆகவே வால்வைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆனால் அது நாங்கள் செய்கிற வால்வு இல்லை. கட்டைவிரல் பருமன்கூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் வால்வு. என் அக்கா மகளின் மூச்சு அதன் வழியாகத்தான் ஒரு மணி நேரம் போய் வந்தது. அவள் பெயர் இங்கே வேண்டாம். வீட்டில் கூப்பிடுகிற மாதிரி பாப்பா என்றே சொல்கிறேன்.

2022 அக்டோபர், தீபாவளி முடிந்த வாரம். பாப்பாவுக்கு 7 வயது, எடை 19 கிலோ. அக்காவைக் கட்டிக்கொடுத்திருப்பது டெல்டாவில் ஒரு சின்ன கிராமத்தில். ஓட்டு வீடு, முன்னால் தாழ்வாரம், தாழ்வாரத்தில் நெல் மூட்டை. மூட்டைக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் வருவது எது என்று உங்களுக்கே தெரியும். அன்று மழை விட்டு விட்டுப் பெய்து புழுக்கமாக இருந்ததால், பாட்டியும் பேத்தியும் கூடத்தில் தரையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டார்கள்.

ராத்திரி இரண்டரை மணிக்குப் பாப்பா எழுந்து "வயிறு வலிக்குது" என்றாள். பாட்டி ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தார்கள். நாலு மணிக்கு வாந்தி. தீபாவளிப் பலகாரம் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். நாலே முக்காலுக்கு அக்கா விளக்கைப் போட்டுப் பார்த்தபோது, குழந்தை உட்கார்ந்திருக்கிறாள், ஆனால் இமை பாதிக்கு மேல் தூக்கவில்லை. தலையை அண்ணாந்து, அந்தப் பாதிக் கண்ணால் அம்மாவைப் பார்க்கிறாள். "தூக்கக் கலக்கம்" என்று சொல்லிவிடலாம். ஆனால் வாயோரம் எச்சில் வழிகிறது, முழுங்க முடியவில்லை. பேச்சு குழறுகிறது.

அத்தானின் அம்மா, அதாவது பக்கத்தில் படுத்திருந்த அந்தப் பாட்டி, அப்போது ஒரு வார்த்தை சொன்னார்கள்: "பூச்சி ஏதாச்சும் தீண்டியிருக்குமோ?" எங்கள் பக்கத்தில் ராத்திரி நேரத்தில் பாம்பு என்று சொல்ல மாட்டார்கள், பூச்சி என்பார்கள். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத அந்த அம்மா கேட்ட இந்தக் கேள்விதான் இந்தக் கதையில் முதல் சிகிச்சை என்று நான் நினைக்கிறேன்.

கை கால் எல்லாம் தேடினார்கள். கடிவாய் இல்லை, வீக்கம் இல்லை, ரத்தம் இல்லை. பாயை உதறினார்கள், ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், "முதல்ல பூச்சியைத் தேடுங்க, என்ன பூச்சின்னு தெரிஞ்சாத்தான் டாக்டரே மருந்து குடுப்பாரு" என்றார். இன்னொருவர் நாலு கிலோமீட்டரில் பார்வை பார்க்கிற பெரியவர் இருப்பதை ஞாபகப்படுத்தினார். அத்தான் இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆம்புலன்ஸ் வந்து சேர 25 நிமிஷமாகும் என்று தெரிந்ததும் பைக்கை எடுத்தார். பின்னால் அக்கா, நடுவில் குழந்தை. 14 கிலோமீட்டரில் தாலுகா ஆஸ்பத்திரி.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, அந்த 'பூச்சி'யைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் அதிகம் பேரைக் கொல்கிற பாம்புகள் என்று நாலைச் சொல்வார்கள்: நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன். முதல் மூன்றும் கடித்தால் கடிபட்டவருக்குத் தெரியாமல் போகாது. வலி, வீக்கம், ரத்தம் என்று ஏதாவது ஒன்று ஊரைக் கூட்டும். கட்டுவிரியன் அப்படி இல்லை. கறுப்பு உடம்பில் மெல்லிய வெள்ளைப் பட்டைகள், பகலில் சோம்பேறி, ராத்திரியில் நடமாட்டம். வீட்டுக்குள் வரும். தரையில் தூங்குகிறவர் புரண்டு படுத்தால் கடிக்கும். பல் சின்னது, வலி பெரும்பாலும் இல்லை, தடயமும் அநேகமாக இல்லை. கடிபட்டவர் தூங்கிக்கொண்டே இருப்பார். விடிகாலையில் வயிற்று வலி என்று எழுவார். பெயரில் விரியன் இருக்கிறதே தவிர, சாதியில் அது விரியனே இல்லை, நல்ல பாம்பின் பங்காளி. அதன் விஷம் ரத்தத்தை விட்டுவிட்டு நரம்பைப் பிடிக்கும்.

அது என்ன செய்கிறது என்பதை எனக்கு ஒரு டாக்டர் பேப்பரில் படம் போட்டு விளக்கினார். எலெக்ட்ரிகல் நண்பர்கள் கோபித்துக்கொள்ளாமல் இருந்தால் என் பாஷையில் சொல்கிறேன். மூளையிலிருந்து தசைக்கு வருகிற நரம்பு ஒரு வயர். தசை ஒரு மோட்டார். வயரின் நுனியில், மோட்டாரைத் தொடுகிற இடத்தில் ஒரு டெர்மினல். நல்ல பாம்பின் விஷம் மோட்டார் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டு மின்சாரத்தை வாங்க விடாமல் மறிக்கிறது. அதை ஓரளவு விலக்கலாம், அதற்கு நியோஸ்டிக்மின் என்று ஓர் ஊசி உண்டு. கட்டுவிரியன் விஷம் வயரின் டெர்மினலையே அழித்துவிடுகிறது. விஷமுறிவு மருந்து, ரத்தத்தில் மிதந்துகொண்டிருக்கிற விஷத்தைப் பிடித்து அடக்கும், இனிமேல் ஆகப்போகிற சேதத்தைத் தடுக்கும். ஏற்கெனவே போன டெர்மினலை அதனால் திருப்பித் தர முடியாது. அதை உடம்புதான் புதிதாக வளர்த்துக்கொள்ள வேண்டும். நரம்பு நுனி வளர்ந்துவிடும், ஆனால் நாள் கணக்காகும். மூச்சு நின்றால் நமக்கு இருப்பதோ நிமிஷக் கணக்கு. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த இடைவெளியை யாராவது நிரப்ப வேண்டும்.

இனி தாலுகா ஆஸ்பத்திரி. மணி 5.25. பணியில் இருந்தவர் ஒரு பெண் மருத்துவர், என்னைவிட வயதில் சின்னவர். அவர் கேட்டது நாலே கேள்விகள்: எங்கே படுத்திருந்தாள், முதலில் என்ன சொன்னாள், எத்தனை மணிக்கு, இமை எப்போது இறங்கியது. தரை, வயிற்று வலி, இரண்டரை மணி, நாலே முக்கால். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. கூடவே கொஞ்சம் ரத்தம் எடுத்து, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் வைத்தார். 20 நிமிஷம் கழித்துக் குழாயைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமல் ஓடினால் விரியன் வகை என்று சந்தேகிக்கலாம், உறைந்து நின்றால் ரத்தத்துக்குச் சேதம் இல்லை. மின்சாரம் வேண்டாம், மெஷின் வேண்டாம், ஆனால் குழாய் கண்ணாடியாகவே இருக்க வேண்டும், பிளாஸ்டிக் கூடாது, சோப்புப் போட்டுக் கழுவியிருக்கவும் கூடாது. தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் லட்சக்கணக்கில் செலவழித்துக் கருவி வாங்குகிற எனக்கு, இந்தச் சோதனையைக் கேட்டதிலிருந்து அதன்மேல் ஒரு பொறாமையே உண்டு.

குழாயின் தீர்ப்புக்காக அவர் காத்திருக்கவில்லை. இமை இறங்கிவிட்டதே, அது ஒன்றே மருந்து போடக் காரணம். 10 குப்பி விஷமுறிவு மருந்தை சலைனில் கலந்து ஏற்ற ஆரம்பித்தார். 19 கிலோ குழந்தைக்கும் 70 கிலோ ஆளுக்கும் இந்த மருந்தில் ஒரே அளவுதான். நான் இதைக் கேட்டு ஆச்சரியப்பட்டேன். பாம்பு ஆளைப் பார்த்துக் குறைத்துக் கடிப்பதில்லையே! மருந்து கணக்குப் பார்ப்பது விஷத்தை, உடம்பை அல்ல.

பாதி ஏறுவதற்குள் பாப்பாவின் உடம்பெல்லாம் தடிப்பு, நடுக்கம். மருந்தை நிறுத்தினார், அட்ரினலின் ஊசி போட்டார், அடங்கியதும் மெதுவாக மறுபடி தொடங்கினார். கண்ணாடிக் குழாயில் ரத்தம் கெட்டியாக நின்றது. ஆக, பாம்பைக் கண்ணால் காணாமல், கடிவாயைக்கூடக் காணாமல், கட்டுவிரியன் என்று கணித்தார். அந்தப் பாம்பு இன்று வரை யார் கண்ணிலும் படவில்லை. தேடிக்கொண்டிருந்திருந்தால் எங்கள் குழந்தைதான் எங்கள் கண்ணுக்கு இல்லாமல் போயிருப்பாள்.

ஆறு மணி பத்து நிமிஷத்துக்குப் பாப்பாவின் கழுத்து துவண்டது. மூச்சு மேலோட்டமாகி, நின்றேவிட்டது. டாக்டர் தொண்டை வழியாக மூச்சுக்குழாயில் டியூப் போட்டு, அதில் ஒரு பையை மாட்டி அமுக்க ஆரம்பித்தார். அங்கே குழந்தைகளுக்கான வென்டிலேட்டர் இல்லை. 42 கிலோமீட்டரில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஆம்புலன்ஸில் போகிற வழியெல்லாம் உதவியாளர் ஒருவர் கையால் பையை அமுக்கிக்கொண்டே வந்தார். நிமிஷத்துக்கு 20 தடவை, ஒரு மணி நேரம், 1,200 தடவை. நடுவில் கையை மாற்றிக்கொண்டாரே தவிர நிறுத்தவில்லை. அவர் முகம்கூட அத்தானுக்குச் சரியாக ஞாபகம் இல்லை. "அந்தக் கையைத்தான்டா பார்த்துக்கிட்டே வந்தேன்" என்றார்.

நான் சொன்ன வால்வு அந்தப் பையின் கழுத்தில்தான் இருக்கிறது. அமுக்கினால் காற்று நோயாளிக்குப் போகும். விட்டால், நோயாளி விடுகிற காற்று பைக்குத் திரும்பாமல் வெளியே போகும், பை தானாகவே உப்பிப் புதுக்காற்றை இழுத்துக்கொள்ளும். இதன் பின்னால் ஒரு கதை உண்டு, கல்லூரிப் பிள்ளைகள் கேட்க வேண்டிய கதை.

1952-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரத்தில் போலியோ கொள்ளை நோயாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்து குழந்தைகள் வந்துகொண்டே இருந்தார்கள். பிளெக்டம் மருத்துவமனையில் இருந்தது ஒரே ஒரு இரும்பு நுரையீரல், மார்பில் மாட்டுகிற சின்னக் கருவிகள் ஆறு. அந்தக் கருவிகளில் வைத்துப் பார்த்த முதல் 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். அப்போது பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர், ஆபரேஷன் தியேட்டரில் செய்வதுபோல் தொண்டையில் துளையிட்டு, டியூப் வைத்து, பையைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கலாம் என்றார். ஆகஸ்ட் 27-ஆம் தேதி 12 வயதுச் சிறுமி ஒருத்திக்கு அப்படிச் செய்து காட்டினார், அவள் பிழைத்தாள். சரி, இத்தனை பேருக்கும் ராப்பகலாக யார் பையை அமுக்குவது? மருத்துவக் கல்லூரி மாணவர்களைக் கூப்பிட்டார்கள். சுமார் 1,500 மாணவர்கள் முறை போட்டுக்கொண்டு, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, மாதக் கணக்கில் கையால் மூச்சுக் கொடுத்தார்கள். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு என்பதே அங்கேதான் பிறந்தது என்கிறார்கள்.

பிறகு ஹென்னிங் ரூபன் என்ற டாக்டரும் ஹோல்கர் ஹெஸ்ஸே என்ற பொறியாளரும் சேர்ந்து, தானாக உப்பிக்கொள்கிற பையை உருவாக்கி 1956-ல் வெளியிட்டார்கள். சிலிண்டர் இல்லாவிட்டாலும் சுற்றியிருக்கிற காற்றை வைத்தே வேலை செய்யும். ஆம்பு பை என்று ஆஸ்பத்திரியில் சொல்வது அதைத்தான். பொறியாளர் என்ற வார்த்தையை நான் கொஞ்சம் அழுத்திச் சொன்னதைத் தங்கைகள் கவனித்திருப்பீர்கள்.

மருத்துவமனைக்கு நான் போய்ச் சேர்ந்தது மதியம். குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பாப்பா வென்டிலேட்டரில் இருந்தாள். இன்னொரு 10 குப்பி மருந்தும் முடிந்திருந்தது. நியோஸ்டிக்மினும் ஒருமுறை போட்டுப் பார்த்தார்கள், இமை அசையவில்லை. "இனிமே மருந்து இல்லை சார், நேரம்தான்" என்றார்கள்.

எங்கள் தொழிற்சாலையில் 7 பார், 10 பார் என்று அழுத்தத்தைப் பேசுவோம். அந்த வென்டிலேட்டரின் திரையில் இருந்த அலகு சென்டிமீட்டர் தண்ணீர். உச்சத்தில் 16 காட்டியது, அதாவது ஒரு சாண்கூட இல்லாத தண்ணீர் உயரம். ஒவ்வொரு மூச்சுக்கும் 130 மில்லி காற்று, ஒரு காப்பி டம்ளர் அளவு. ஒரு நாளைக்கு 28,800 டம்ளர். நான் இதையெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது, வேறு எதையும் நினைக்காமல் இருப்பதற்காக.

இரண்டாம் நாள் சாயங்காலம்தான் உண்மையான சோதனை வந்தது. பாப்பா அசைவே இல்லாமல் கிடந்தாள். விரல் இல்லை, இமை இல்லை, இருமல் இல்லை. பார்வை நேரத்தில் வந்த உறவினர் ஒருவர், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இமையை விலக்கிச் செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார். கண்மணி விரிந்தபடியே நின்றது, சுருங்கவில்லை. வெளியே வந்து அத்தானின் அண்ணனிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். பெரியவர் உள்ளே வந்து, கட்டில் பக்கத்திலேயே நின்று, "மண்டையில உயிர் போயிருச்சுப்பா. மெஷின்தான் மூச்சு விடுது. மூச்சு இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டுபோயிடுவோம், நம்ம வாசல்ல போகட்டும்" என்றார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. அழுதுகொண்டேதான் சொன்னார். வெளியூரில் உயிர் பிரிந்தால் உடலை வீட்டுக்குள் கொண்டுவருவதற்கு எங்கள் பக்கத்தில் ஆயிரம் சாத்திரம் சொல்வார்கள். அதற்குப் பயந்து, மூச்சு இருக்கும்போதே கூட்டிக்கொண்டு போகிற வழக்கம் இன்றும் இருக்கிறது. அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். ஏறக்குறைய ஒப்புக்கொண்ட மாதிரிதான்.

அந்த நேரத்தில் பணியில் இருந்த முதுகலை மாணவர், அந்த டாக்டருக்கு இருபத்தேழு இருபத்தெட்டு வயது இருக்கும், எங்களை வெளியே அழைத்துப் போய் உட்கார வைத்தார். நான் முன்பு சொன்ன படத்தைப் போட்டுக் காட்டியவர் இவர்தான். "கண்மணியைச் சுருக்குறதும் ஒரு தசைதான் சார். இந்த விஷம் அதையும் கட்டிப் போட்டுடும். விபத்துல அடிபட்டவங்களுக்குப் பார்க்கிற மாதிரி டார்ச் அடிச்சுப் பார்த்து இந்தக் கேஸ்ல முடிவு பண்ணவே கூடாது. மூளைக்கு ஒண்ணும் ஆகலை. லேசா மயக்க மருந்து குடுத்திருக்கோம், இருந்தாலும் அவளுக்குக் காது கேக்கும். அழாதீங்க, அவகிட்டப் பேசுங்க" என்றார்.

நண்பர்களே, மருத்துவ நூல்களிலும் இதை எழுதியிருக்கிறார்கள்: கட்டுவிரியன் கடித்து வென்டிலேட்டரில் இருப்பவர், மூளைச்சாவு அடைந்தவர் போலவே தோன்றலாம், அந்தத் தோற்றத்தை நம்பிச் சிகிச்சையை நிறுத்திவிடக் கூடாது என்று. இதை அறிந்த ஒரு டாக்டர் அந்த நேரத்துக்கு அங்கே இருந்தது எங்கள் புண்ணியம்.

அக்கா அன்று ராத்திரியிலிருந்து பேச ஆரம்பித்தாள். கதை இல்லை, வீட்டு நிலவரம். ஆடு என்ன செய்கிறது, எதிர்வீட்டில் யார் வந்திருக்கிறார்கள், தீபாவளிக்கு வாங்கிய மத்தாப்பில் ரெண்டு பெட்டி பாக்கி இருக்கிறது, இப்படி. மூன்றாம் நாள் ராத்திரி டியூபில் சளி அடைத்து அலாரம் அடித்தது. ஓடி வந்த நர்ஸ் மெஷினைக் கழற்றி, ஆம்பு பையை மாட்டி, என்னைப் பார்த்தார். "சார், நான் சளி எடுத்துட்டுச் சொல்றப்ப அமுக்குங்க. நெஞ்சைப் பாத்துக்கிட்டே அமுக்குங்க, ரொம்ப வேண்டாம்." அமுக்கினேன். நெஞ்சு எழுந்தது. விட்டேன், தாழ்ந்தது. வால்வு 'டிக்' என்று விரல் நுனியில் தட்டியது. அஞ்சு நிமிஷம் இருக்கும். எத்தனையோ வால்வைச் சோதித்திருக்கிறேன், அதைப் பற்றி இதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

நாலாம் நாள் காலை ஆறரை மணிக்கு அக்கா, "அம்மா பேசுறது கேக்குதாடா? கேட்டா கால் விரலை ஆட்டு" என்றாள். தினமும் கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான். வலது கால் கட்டைவிரல் அசைந்தது. அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை, மறுபடி கேட்டாள். மறுபடி அசைந்தது. நர்ஸைக் கூப்பிட்டு மூன்றாம் தடவை கேட்டாள். மூன்றாம் தடவையும் அசைந்தது. அத்தான் வராந்தாவுக்குப் போய் அண்ணனுக்கு போன் போட்டு, பேச முடியாமல் போனை என் கையில் கொடுத்துவிட்டார்.

அப்புறம் எல்லாம் வரிசையாக வந்தது. அன்று மாலை புருவம், ஐந்தாம் நாள் இமை ஒரு கோடு அளவுக்கு. மெஷினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து அவளையே மூச்சு இழுக்க விட்டார்கள். ஆறாம் நாள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லி ஒன்று இரண்டு என்று எண்ணினார்கள். ஐந்துவரை தாங்கினால் டியூபை எடுக்கலாம் என்றார்கள். முதல் தடவை மூன்றில் விழுந்துவிட்டது. மத்தியானம் ஐந்தைத் தாண்டி ஏழு வரைக்கும் பிடித்தாள். டியூபை எடுத்தார்கள். குரல் கரகரவென்று கிழவி மாதிரி இருந்தது. முதல் வாய்த் தண்ணீர் மூக்கு வழியாக வந்துவிட்டதால் இன்னும் ஒரு நாள் குழாய் வழியாகவே சாப்பாடு. எட்டாம் நாள் ரசம் சாதம். பதினோராம் நாள் வீடு. மருந்து, படுக்கை, மெஷின் எதற்கும் ஒரு பைசா வாங்கவில்லை, அரசு மருத்துவமனை.

வீட்டுக்கு வந்த பிறகும் முடியவில்லை. ஒரு வாரத்துக்குள் முட்டி வலி, அரிப்பு, காய்ச்சல். பாம்பின் விஷம் திரும்பிவிட்டது என்று ஊரே பயந்தது. அது விஷம் இல்லை, மருந்தின் பின்விளைவு. விஷமுறிவு மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது. உடம்பு அந்த அந்நியப் புரதத்தோடு தாமதமாகச் சண்டை போடும். மாத்திரையில் சரியாகிவிட்டது.

சரியாக நாளானது இன்னொன்று. பாப்பா கண்ணை மூட மாட்டேன் என்றாள். தூக்கம் வந்தாலும் இமையை விரலால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு மாதம் கழித்து ஒருநாள் அக்காவிடம் அவளாகவே சொன்னாள்: "பெரியப்பா என்னை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னாங்கல்ல? வேணாம்னு சொல்லணும்னு நெனச்சேன். வாய் வரலை." அக்கா இதை இன்று வரை பெரியவரிடம் சொல்லவில்லை. அவர் வாரம் தவறாமல் பாப்பாவுக்குப் பண்டம் வாங்கிக்கொண்டு வருகிறார். பாப்பாவும் வாங்கிக்கொள்கிறாள்.

அந்தக் குதிரை ரத்தத்துக்கு முன்னால் யார் இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாம்பு விஷத்தை ஏற்றி, அது உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுப்பதே மருந்து. அந்த விஷத்தைப் பல்லாண்டுகளாகப் பெருமளவில் எடுத்துக் கொடுத்துவருபவர்கள் நம் இருளர் மக்கள். 1978-ல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில் இருக்கிறது. பாம்பைப் பிடித்துப் பானையில் வைத்து, வாரத்துக்கு ஒருமுறையாகச் சுமார் ஒரு மாதத்துக்குள் நாலு தடவை விஷம் எடுத்து, திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அன்று பேப்பரைப் பார்த்துவிட்டு அத்தான் எனக்குப் போன் பண்ணினார்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக் கடியால் இறந்ததாக, 2020-ல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். அதில் கால்வாசிக்கு மேல் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக் கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. நல்ல காரியம்.

ஆனால் என்னை உட்காரவைத்து யோசிக்க வைத்தது நேபாளத்துச் செய்திகள் இரண்டு. அங்கே தெராய் சமவெளிக் கிராமங்களில், கொசுவலைக்குள் படுப்பவர்களுக்குப் பாம்புக் கடி குறைவு என்று 2007-ல் ஆராய்ச்சி செய்து சொன்னார்கள். வலையைப் பாய்க்கடியில் செருகிவிட்டால் கொசுவுக்கும் வழியில்லை, கட்டுவிரியனுக்கும் வழியில்லை. இன்னொன்று, கடிபட்டவரை மோட்டார் பைக்கில் நடுவில் உட்காரவைத்து உடனே சிகிச்சை மையத்துக்குக் கொண்டுபோக ஊர்த் தொண்டர்களை ஏற்பாடு செய்தார்கள். நாலு கிராமப் பகுதிகளில், கடிபட்டவர்களில் இறப்பவர்கள் 100-க்கு பத்துக்கு மேல் இருந்தது, ஒன்றுக்கும் கீழே இறங்கியது. எங்கள் அத்தான் அந்த ஆராய்ச்சியைப் படித்தவர் இல்லை, அதையேதான் செய்திருக்கிறார்.

நேற்று ராத்திரி நம் பழைய விடுதியில்தான் எங்களைத் தங்க வைத்தார்கள். அறையின் ஜன்னலுக்கு வெளியே அதே வயல், அதே தவளைச் சத்தம். வெயில் காலத்தில் நாங்கள் வராந்தாவில் பாய் போட்டுப் படுத்த இடத்திலேயே இப்போதும் பாய்கள் சுருட்டி வைத்திருப்பதைப் பார்த்தேன். மூன்றாமாண்டுத் தம்பி ஒருவர் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "அண்ணா, அந்த விஷமுறிவு மருந்தையே வாங்கி ஹாஸ்டல் ஃப்ரிட்ஜ்ல வச்சுக்கலாமா? பழைய மாணவர் சங்கமே வாங்கிக் கொடுக்கலாமே?" என்று கேட்டார். நல்ல மனசு. ஆனால் கூடாது. பாப்பாவுக்கு மருந்து ஏறும்போது வந்த அந்தத் தடிப்பும் நடுக்கமும் ஆஸ்பத்திரிக்கு வெளியே வந்திருந்தால், பாம்பு செய்யாததை மருந்து செய்திருக்கும். கட்டிப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். ஆளை நடக்க விடாமல், கடிபட்ட கை காலை அசைக்காமல், வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கொண்டுபோக வேண்டும். வழியில் மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், கொண்டு சேர்க்கும்வரை நிறுத்தக் கூடாது.

வாங்க வேண்டுமென்றால் கொசுவலை வாங்கலாம். கேட்க வேண்டியது வேறு: ராத்திரி இரண்டு மணிக்கு, விஷமுறிவு மருந்தும் இருந்து, தொண்டையில் டியூப் போடத் தெரிந்தவரும் இருக்கிற மருத்துவமனை இங்கிருந்து எது, எத்தனை தூரம், எந்த வழி? விடுதிக் காப்பாளரிடம் இதைக் கேட்டேன். இன்று காலை விழா தொடங்குவதற்குள் விசாரித்து வந்து சொல்லிவிட்டார்: 17 கிலோமீட்டர், நடுவில் ஒரு ரயில்வே கேட். ராத்திரி அந்த கேட் எந்தெந்த நேரம் மூடியிருக்கும், சுற்றிப் போக வேறு வழி உண்டா என்று பார்த்துச் சொல்ல இரண்டு மாணவர்கள் பொறுப்பேற்றிருக்கிறார்கள். சங்கச் செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.